பதினொரு மணிக் காப்பு

அர்த்தநாரிக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது கேரளத்து மலப்புறத்தில். முட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், லோடு இறக்கக் காத்திருந்த ஒரு மத்தியானம், தென்னை மர உயரத்துக்கு ஒரு பந்தாட்டக்காரனின் கட்டவுட்டை நாலு பேர் கயிறு கட்டித் தூக்கி நிறுத்துவதைப் பார்த்தார். நம் பக்கத்தில் அந்த உயரமெல்லாம் சினிமாக்காரனுக்கும் கட்சிக்காரனுக்கும் மட்டும்தான். யாருங்க அது என்று கேட்டார். கேட்டதுதான் தப்பு. கோழிச் சீக்கு மாதிரி அது அவரோடு லாரியேறிப் பரமத்தி வேலூருக்கு வந்து தெருத்தெருவாகப் பரவிவிட்டது. இன்றைக்கு அவருக்குச் சொந்தமாக நாலு லாரி. நாலின் முதுகிலும் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பந்தை உதைத்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த நாட்டின் பெயரையெல்லாம் ஊரில் யாரும் மெனக்கெட்டுச் சொல்வதில்லை. மஞ்சள் கட்சி, அவ்வளவுதான். எதிரே யார் வந்தாலும் அவர்கள் போட்டிருக்கும் சட்டை எதுவோ அதுவே கட்சி.

வாழை மண்டிக்குப் பின்னால் இருக்கும் மனமகிழ் மன்றத்துக்கு அர்த்தநாரி ஒன்பது வருஷமாகச் செயலாளர். உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். சம்பளம் கிடையாது, சுழல் நாற்காலி ஒன்றும் இடுப்பில் தொங்க ஒரு சாவிக்கொத்தும் உண்டு. அந்தச் சாவியைக் குலுக்கிக்கொண்டு அவர் கடைவீதியில் நடப்பதைப் பார்த்தால் தாசில்தார் ஆபீசே இடுப்பில் இருப்பது போலத் தோன்றும். அவர் மனைவி சௌந்திரத்திடம் கேட்டால், வீட்டில் யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, அதற்கு ஈடாகக் கடவுள் கொடுத்தது அந்தச் சாவி என்பார்.

அந்தச் சாவிக்குத்தான் இந்த ஆனி மாசம் ஆபத்து வந்தது.

உலகக் கோப்பை ஆரம்பிக்கும் முன்பே, மாதக் கூட்டத்தில், கோழிக்குழம்பு இறங்கிய தைரியத்தில் அவர் எழுந்து நின்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மஞ்சள் கட்சியின் கால் இறுதியை மன்றத்திலேயே, கையில் கிளாசோடு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். அது நடக்காவிட்டால் வரும் பொதுக்குழுவில் சாவியை வைத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று. அமெரிக்காவில் சாயங்காலம் என்றால் இங்கே விடிகாலை என்பதை அவர் லாரி ஓட்டிய ரூட்டில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு. மன்றத்து பாரைச் சட்டப்படி திறக்க வேண்டிய நேரம் பதினொன்று. போன வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மன்றம் ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கி, மூன்று மாசம் பூட்டிக் கிடந்தது. அந்த ஊர் ஆட்கள் அந்த மூன்று மாசமும் மோர் குடித்துப் பழகியதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

நேரப்பட்டியலை முதலில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் குருமூர்த்தி. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக போர் போடுகிறவர். மன்றத் தலைவர் கொடிக்கால் சின்னண்ணனின் மாப்பிள்ளை. செயலாளர் நாற்காலி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் போவார். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வடகிழக்கு மூலையைக் காட்டினார் என்பதற்காகவே சொந்தத் தோட்டத்தில் தென்மேற்கு மூலையில் போர் இறக்கியவர். எண்ணூறு அடி. இன்றுவரை அதில் வந்தது புழுதி.

“ஆறு மணிக்குத் தொறக்கோணும், இல்லாட்டிச் சாவியக் குடுக்கோணும்” என்றார் குருமூர்த்தி. “செயலாளர் சொன்ன சொல்லுத்தானுங்க.”

அர்த்தநாரி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சௌந்திரம் சொன்னார். நாலாம் நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது யோசனை வந்து, சோப்பு நுரையோடேயே வெளியே வந்துவிட்டாராம். யோசனை இதுதான்: ஆட்டம் நடக்கும்போது மன்றத்து டிவியின் செட்டாப் பெட்டி அதைப் பதிவு செய்துகொள்ளட்டும். பதினொரு மணிக்குப் பாரைத் திறந்து, அப்போது போட்டுப் பார்க்கலாம். முடிவு தெரியாதவனுக்கு எல்லாம் நேரலைதானே? அதுவரை யாரும் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது.

இருபத்து மூன்று ஆண்பிள்ளைகள் அரை நாள் வம்பு கேட்காமல் இருப்பதா என்று எல்லாரும் சிரித்தார்கள். சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால் பதினைந்து நாள் ஊரே கட்டுப்பட்டு இருக்கிறதே, ஒரு பொழுதுக்கு இருக்க முடியாதா என்று கேட்டார். அவரே கட்டிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். மாமனார் கட்டுகிற காப்பை மாப்பிள்ளை எப்படி வேண்டாம் என்பது? குருமூர்த்தியும் கையை நீட்ட வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் மன்றத்து முற்றத்தில் வரிசையாக நின்று மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். காப்புக் கட்டினவர்கள் கறி தின்னலாமா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. காப்பு ஸ்கோருக்கு மட்டும்தான், ஆட்டுக்கும் கோழிக்கும் அதில் சம்பந்தமில்லை என்று சின்னண்ணன் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பாதிப் பேர் முகத்தில் ரத்தம் ஓடியது. அடுத்து, செல்போன்கள். அர்த்தநாரி தன் குடோனிலிருந்து ஒரு முட்டை அட்டை கொண்டுவந்திருந்தார். ஒரு குழிக்கு ஒரு போன் என்று நட்டு வைத்தார்கள். பார் சப்ளையர் கந்தவேல் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தாலே போனை மடியில் செருகுகிறவர்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் கொடுப்பது போலக் கொடுத்தார்கள். அப்போதே அர்த்தநாரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அவரே நட்டு வைத்தது, மகன் தூக்கிப் போட்ட பழைய போன்.

பதிவை ஆறரையிலிருந்து ஒன்பதே கால் வரைக்கும் வைத்தார். ஆட்டம் எட்டரைக்கு முடியும். முக்கால் மணி நேரம் கூடுதலாகவே இருக்கட்டும், லாரிக்கு டீசல் போடுவது போல என்று நினைத்துக்கொண்டார். விடிந்ததும் மன்றத்துக்கு வந்து, டிவியை அணைத்து வைத்து, பெட்டி ஓடுகிறதா என்று பக்கத்திலேயே காவல் இருப்பதாகத் திட்டம்.

ஞாயிறு காலை ஆறே காலுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தார். செருப்பைப் போட்டார். செருப்பைக் கழற்றினார். தலை வலிக்கிறது, யாரும் எழுப்ப வேண்டாம் என்று சௌந்திரத்திடம் சொல்லிவிட்டுப் படுக்கை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். உள்ளே டிவி இருக்கிறது. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டால் அது பார்ப்பதில் சேராது என்று மனசுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

மஞ்சள் கட்சி முதல் கோல் போட்டபோது வாயில் தலையணையைத் திணித்துக்கொண்டார். அதே நொடியில் எதிர்வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. இரண்டாவது கோலுக்குத் தெருவில் மூன்று வீடுகளில் பாத்திரம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், எல்லா வீட்டிலும் காலையிலேயே சமையல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மனுஷன். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கூடுதல் நேரம் ஓடி, அதிலும் முடிவில்லாமல் பெனால்டிக்குப் போய், மஞ்சள் கட்சி ஜெயித்தபோது மணி ஒன்பதரை. கட்டிலில் குதித்ததில் ஒரு சட்டம் முறிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்பதே காலோடு பதிவு நின்றுபோயிருக்குமே என்பது அவர் மண்டையில் உறைக்கவேயில்லை. பார்த்துவிட்டவனுக்குப் பதிவைப் பற்றி என்ன கவலை?

பதினொன்றுக்கு ஷட்டர் ஏறியது. இருபத்து மூன்று பேரும் நிமிஷம் பிசகாமல் ஆஜர். குருமூர்த்தி புது நீலச் சட்டையில் வந்திருந்தார். எதிர்க்கட்சி அன்றைக்கு நீலம். சின்னண்ணன் விடியும் முன்பே கொடிக்காலுக்குப் போய் வெற்றிலை கிள்ளிவிட்டு நேராக வந்திருந்தார், கால் விரலிடுக்கில் இன்னும் சேறு.

ஆட்டத்துக்கு முன்னால், யார் ஜெயிப்பார்கள் என்று ஆளுக்கொரு வாக்கு கரும்பலகையில் எழுதுவது மன்றத்து வழக்கம். முடிவு தெரிந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அர்த்தநாரி முதல் ஆளாகப் போய் ‘நீலம்’ என்று எழுதினார். குலதெய்வத்துக்குத் துரோகம் செய்தது போல இருந்தது. அடுத்தவர் வந்தார், நீலம். அதற்கடுத்தவர், நீலம். மஞ்சள் பெயிண்டில் வீடு கட்டியவர், மகளுக்கு மஞ்சள் ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தவர் எல்லாரும் வந்து தலையைக் குனிந்துகொண்டு நீலம் எழுதிவிட்டுப் போனார்கள். சின்னண்ணன் மட்டும் கோணல் எழுத்தில் ‘மஞ்சள்’ என்று எழுதினார்.

அர்த்தநாரி பலகையைப் பார்த்தார். இருபத்திரண்டு நீலம், ஒரு மஞ்சள். அப்போதுதான் காலையில் விழுந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அவர் காதில் திரும்ப விழுந்தன.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கந்தவேல் டிவியைப் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க டிக்கெட் போட்டிருக்கலாம். சின்னண்ணன் ஒருவர்தான் ஆட்டத்தைப் பார்த்தார். மற்ற இருபத்திரண்டு பேரும் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பந்து கம்பத்தில் படுவதற்கு முன்னாலேயே ஒருவர் ‘ச்சோ’ என்றார். பக்கத்து ஆள் அவர் தொடையைக் கிள்ளினார். குருமூர்த்தி ஒன்றும் நடக்காத நேரமாகப் பார்த்துப் பாத்ரூம் போய்விட்டு, கோல் விழுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஜிப்பைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அவர் வாய், முடிவைப் போட்டு உடைத்து அர்த்தநாரியின் ஏற்பாட்டைக் கவிழ்க்கலாமா என்று துடிப்பது தெரிந்தது. ஆனால் உடைத்தால், உனக்கெப்படித் தெரியும் மாப்பிள்ளை என்று மாமனார் கேட்பாரே. மென்று விழுங்கிவிட்டு மிக்சரைக் கொறித்தார்.

ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றி வைத்தது வைத்தபடி இருந்தது. நடிக்கிறவனுக்கு எங்கே குடிக்க நேரம்?

கூடுதல் நேரமும் முடிந்தது. இரண்டுக்கு இரண்டு. பெனால்டி என்றதும் சின்னண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மஞ்சள் கட்சியின் முதல் ஆள் பந்தை வைத்து, நான்கடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்தான். திரை கறுத்தது. ‘பதிவு முடிந்தது’ என்று ஒரு வரி வந்து நின்றது.

அர்த்தநாரி ரிமோட்டை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

“என்ன சாமி ஆச்சு?” என்றார் சின்னண்ணன்.

“நேரம் கம்மியா வெச்சுப்போட்டேனுங்ணா.”

குருமூர்த்தி இதற்குத்தான் காத்திருந்தவர் போல எழுந்தார். முழுசாக ஒரு மேட்சைக் காட்டத் தெரியாதவருக்கு எதற்குச் சாவி, சொன்ன சொல் போச்சு, பொதுக்குழுவே வேண்டாம், இப்போதே வைத்துவிடட்டும் என்று நியாயம் பேசினார். நியாயம்தான். அர்த்தநாரியின் கை இடுப்புச் சாவியைத் தொட்டது.

“அது கெடக்குது மாப்ள” என்றார் சின்னண்ணன். “எனக்கு இப்ப முடிவு தெரியோணும். என் பட்டன் போனுல அதெல்லாம் வராது, உங்க போனுல ஒண்ண எடுத்துப் பாருங்க.”

இருபத்திரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி வெளுத்ததை அன்றைக்குத்தான் அந்த மன்றம் கண்டது. விவரம் தெரியாத கந்தவேல் பீரோவைத் திறந்து முட்டை அட்டையைக் கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்தார். முதல் போனை அழுத்தினார், உயிரில்லை. இரண்டாவதற்குள் பேட்டரியே இல்லை. மூன்றாவதின் கண்ணாடி சுக்குநூறு. அர்த்தநாரியின் போன் கையிலெடுத்ததும் இரண்டாகக் கழன்று வந்தது. கூமுட்டையை ஒதுக்குவது போலக் கந்தவேல் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்தின குழியில் இருந்ததை அழுத்தியதும் அது பளபளவென்று எரிந்து, ஒரு வாத்து மாதிரிக் கத்தியது.

சின்னண்ணன் அதை வாங்கிப் பார்த்தார்.

“மாப்ள, இது நோம்பிக்கு நான் பேத்திக்கு வாங்கிக் குடுத்ததாச்சே.”

குருமூர்த்தி மிக்சர் தட்டைப் பார்த்தார்.

சின்னண்ணன் எழுந்து கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். இருபத்திரண்டு நீலத்தையும் நிதானமாக எண்ணினார். திரும்பி, தன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்கு வந்தது வேறு.

“அப்ப எல்லாருமே பாத்திருக்கீங்க. நான் ஒருத்தன்தான் பாக்கல.”

“தப்புத்தானுங்ணா” என்றார் அர்த்தநாரி. “முடிவு என்னன்னா...”

“வாயத் தொறக்காதே. சொன்னா அதுல என்ன இருக்குது? எனக்குப் பாக்கோணும். முத்தத்துக்கு வாங்க. ஒருத்தரும் பேசப்படாது. எப்படி நடந்துச்சோ அப்படியே, காலால செஞ்சு காட்டுங்க.” பிறகு அர்த்தநாரியைத் தனியாகப் பார்த்தார். “சாவி விசயமும் இதுலயே தீரட்டும். நாளைக்குப் பேப்பர்ல போடறதும் இன்னைக்கு நீ காட்டறதும் ஒண்ணா இருந்தா நீயே வெச்சுக்க. இல்லாட்டி மாப்ளைக்கு வழி உடு.”

அப்படியாக, பட்டப்பகல் இரண்டு மணி வெயிலில், வேலூரின் பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வைத்துக் கோல் ஆயிற்று. மண்டித் தெருப் பிள்ளைகளிடம் பந்து கடன் வாங்கப்பட்டது. பிள்ளைகள் மதில்மேல் ஏறிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மொட்டை மாடிகளில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் கோலி அர்த்தநாரியே. பந்தை விட வேண்டிய இடத்தில் விட வேண்டும், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்க வேண்டும்.

முதல் நாலு சுற்றும் ஒழுங்காக நடந்தன. மஞ்சள் கட்சியின் இரண்டாவது உதை நிஜத்தில் வானத்துக்குப் போயிருந்தது. அதை உதைத்த வாழை மண்டிக்காரர், பந்தை மதிலுக்கு வெளியே அனுப்ப முடியாமல் செருப்பை அனுப்பினார்; அதையே ஏற்றுக்கொண்டார்கள். கடைசியில் மஞ்சள் நாலு, நீலம் மூன்று. நீலத்துக்கு ஒரே உதை பாக்கி. போட்டால் சமம், ஆட்டம் நீளும். விட்டால் மஞ்சள் ஜெயிக்கும். காலையில் நீலக்காரன் கோலியின் இடது பக்கம் உதைத்தான், கோலி இடது பக்கம் பாய்ந்து பிடித்தான். முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர.

நீலச் சட்டை போட்டிருந்தவர் குருமூர்த்தி ஒருவர்தான். அவர்தான் வந்தார்.

பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து அர்த்தநாரியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எல்லாம் எழுதியிருந்தது. கோல் போட்டுவிட்டால் ஆட்டம் பேப்பரில் வரப்போகிறபடி முடியாது. சாவி கைக்கு வந்துவிடும். மதில்மேல் இருந்த ஒரு பொடியன் பொறுக்கமாட்டாமல் இடது கையை நீட்டிக் காட்டினான். அம்மாக்காரி அவன் கையை அடித்து இறக்கினாள்.

அர்த்தநாரிக்குக் கால்பந்து தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த நிமிஷம் அவருக்கு ஞாபகம் வந்தது கால்பந்து இல்லை. தென்மேற்கு மூலையில் எண்ணூறு அடி இறங்கிய ஒரு புழுதிக் கிணறு. பொடியன் காட்டியதைக் குருமூர்த்தியும் பார்த்தாரே. ஊர் மொத்தமும் இடது என்று சொல்லிக்கொண்டு நிற்கும்போது, இந்த ஜென்மத்தில் இந்த மனுஷன் இடது பக்கம் உதைப்பாரா?

குருமூர்த்தி ஓடிவந்து உதைத்தார். அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டு, ஐம்பத்து நாலு வயசையும் தூக்கி வலது பக்கம் எறிந்தார். பந்து வந்து அவர் தொப்பையில் அடங்கி நின்றது. நாற்காலி உடைந்தது.

மாடிகளில் எழுந்த சத்தம் பஸ் நிலையம் வரை கேட்டதாம்.

சின்னண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றார். “ஜெயிச்சுட்டமா? நெசமாலுமா?” என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். இருபத்திரண்டு பேரும், காலையில் தலையணைக்குள் விழுங்கிய கூச்சலை அப்போதுதான் முழுசாகக் கத்தித் தீர்த்தார்கள். குருமூர்த்திகூடக் கத்தினார், சட்டை நீலமானாலும் அவரும் மஞ்சள் கட்சிதானே.

அடங்கிய பிறகு சின்னண்ணன் தன் காப்பைத் தானே அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினார். காப்பை மீறினவன் செயலாளராக இருக்கலாமா என்று குருமூர்த்தி ஈனசுரத்தில் கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தார்.

“கூடாதுன்னா நிக்கறதுக்கு ஆளே இல்லியே மாப்ள. இருக்கறவனே இருந்துட்டுப் போகட்டும்.”

உள்ளே கந்தவேல் ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்ட இருபத்து மூன்று கிளாசையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். காலை ஆறு மணிக்கே திறக்க வேண்டும் என்று ஒரு வாரம் சண்டை போட்ட கூட்டம் அது. ஏனுங்க, யாருக்குமே வேண்டாமுங்களா என்று வாசலுக்கு வந்து கேட்டார். சோடா இருந்தால் கொடு என்றார்கள்.

முழங்கையில் சிராய்ப்பும் வேட்டியில் செம்மண்ணுமாக அர்த்தநாரி வீடு வந்து சேர்ந்தார். சௌந்திரம் முறிந்த கட்டில் சட்டத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு அவருக்காகவே காத்திருந்தார்.

“காலைலயே பாத்தாச்சு. மறுக்காவும் அதயே பாக்கறதுக்கு இத்தன நேரமுங்களா?”

அர்த்தநாரி சாவிக்கொத்தைக் குலுக்கி ஆணியில் மாட்டினார்.

“அதயே இல்ல புள்ள. காலைல அவன் எடப்பக்கம் புடிச்சான். நான் வலப்பக்கம் புடிச்சேன்.”